நிரை மேலே ஏறாது

என் வீட்டுக்காரர் சுகுமாரனுக்குக் கதை சொல்வதென்றால் சோறுகூட வேண்டாம். ஈப்போவுக்குப் பக்கத்தில் ஜெலாப்பாங்கில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். பகலெல்லாம் பேச ஆள் கிடையாது. அத்தனையையும் சேர்த்து வைத்து வீட்டுக்கு வந்து எங்கள் தலையில் கொட்டுவார். கதை ஒன்றுதான். பீடோர் பக்கம் அவர் பிறந்த ரப்பர் தோட்டம், அதற்குப் பின்னால் ஒரு சின்ன மலை, உச்சியில் லாரி அகலத்துக்கு ஒரு பாறை.

“ஞாயித்துக்கெழம ஆனா பசங்க எல்லாம் அங்கதான். அந்தப் பாறையில நின்னா கடல் தெரியும்” என்பார்.

எட்டு வயது மகள் ஷர்மினி அதைப் பள்ளியில் கட்டுரையாகவே எழுதிவிட்டாள். ‘மலை ஏறும் என் அப்பா’ என்று தலைப்பு. ஆசிரியை பக்கத்தில் நட்சத்திரம் போட்டுக் கொடுத்திருந்தார். அன்றிலிருந்து, “எப்பப்பா கூட்டிட்டுப் போவீங்க?” என்று ஒரே நச்சரிப்பு. இவர் ஒரு மாதமாக நழுவினார். மழை என்றார், ஓவர்டைம் என்றார், முட்டி வலி என்றார். எனக்குப் பொறுக்கவில்லை.

“கத விடும்போது மட்டும் முட்டி வலிக்காதா?” என்றேன்.

“சரிலா தினேஸ்வரி, போலாம்” என்றார். குரலில் சுரத்தே இல்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

பள்ளி விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான்கு பொட்டலம் நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றோடு வேனில் கிளம்பினோம். தோட்டம் முழுக்க இப்போது எண்ணெய்க்குப் போட்ட செம்பனை. தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகள் இருந்த இடத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டிதான் மிச்சம். மலைச்சரிவில் மட்டும் செம்பனை போட வழியில்லாமல் பழைய ரப்பர் மரங்களை அப்படியே விட்டிருந்தார்கள். அடிவாரத்தில் ஏழெட்டுக் கார்கள். ஈப்போவிலிருந்து வந்த சீன வயதாளிகள் கைத்தடியோடு, கயிறு கட்டிய பாதையில் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

“அது வெளியாளுங்க வழி. நான் எங்கம்மா நிரை வழியா கூட்டிட்டுப் போறேன்” என்றார் இவர்.

ரப்பர் பால் வெட்டுகிறவர்களுக்கு ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுத்த மர வரிசைதான் நிரை. சரிவில் அதற்காக அடுக்கடுக்காகத் தடம் வெட்டி வைத்திருந்தார்கள். அதில் கால் வைத்ததும் இவர் ஆளே மாறிப்போனார். மரத்துக்கு மரம் நின்றார். வெட்டுத் தழும்பைத் தடவிப் பார்த்தார். ஒரு ரப்பர் கொட்டையை எடுத்துக் கல்லில் பரபரவென்று தேய்த்து ஐந்து வயது மகன் ரூபனின் கையில் வைத்தார். சூடு தாங்காமல் அவன் அலறிவிட்டு, “இன்னொரு தடவப்பா” என்று கையை நீட்டினான். என் மேல் இருபது வருஷமாகக் காட்டாத கரிசனத்தை அந்த மரங்களிடம் காட்டினார். எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்தது.

முக்கால் மணி நேரம் நடந்திருப்போம். மூச்சு வாங்கவே இல்லையே என்று நினைத்தேன். அப்போது ரூபன் கத்தினான்.

“அப்பா, என் போத்தல்!”

ஒரு வேரின் மேல் அவனுடைய சிவப்புத் தண்ணீர்ப் போத்தல். புறப்பட்ட இடத்தில் மறந்து வைத்தது. மலையை முழுசாக ஒரு சுற்று சுற்றி, அதே இடத்துக்கு வந்திருந்தோம்.

பால் வாளி தளும்பாமல் நடக்கும்படி மட்டமாக வெட்டிய வழி அது. மலையைச் சுற்றும், மேலே ஏறாது. ஒரே ஒரு தடவை உச்சிக்குப் போனவனுக்குக்கூட இது தெரிந்திருக்கும். நான் இவரைப் பார்த்தேன். காது சிவந்துவிட்டது.

“அப்பா, நீங்க மேல போனதே இல்லையா?” என்று ஷர்மினி கேட்டாள்.

இவர் வேரிலேயே உட்கார்ந்துவிட்டார். “இல்லம்மா.”

“கட்டுரையில எழுதிட்டேனே!”

“பசங்கதான் போவானுங்க. எங்கம்மாவுக்குக் கால் சரியில்ல. மரத்துல ஒட்டிக் காஞ்ச பால உரிச்சு சாக்குல போடணும். ஞாயித்துக்கெழம நான் அதுக்குப் போயிருவேன். பசங்க பாறையில நின்னுகிட்டு, ‘டேய் சுகு, வாடா’ன்னு கையக் காட்டுவானுங்க. அம்மா சாக்கோட நிக்கிறப்ப எப்படிப் போறது? இந்தா வாரேன்னு நானும் கையக் காட்டுவேன். பதிமூணு வயசுல தோட்டத்த விட்டு வந்துட்டோம். போகவே இல்ல.”

ஷர்மினி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கயிற்றுப் பாதைக்கு நடந்தாள். நாங்கள் பின்னால் போனோம். அந்த ஏற்றம் முழுக்க அப்பா நீட்டிய கையை அவள் பிடிக்கவில்லை. இவ்வளவு நாளும் கதை விடுகிறார் என்று கேலி செய்தவள் நான்தான்.

உச்சியில் பாறை இருந்தது. லாரி அகலமெல்லாம் இல்லை, எங்கள் வேன் நிற்கலாம். சுற்றிலும் செம்பனை, நெடுஞ்சாலை, பீடோர்க் கூரைகள். அதற்கு அப்பாலும் கண்ணுக்கு எட்டிய வரை செம்பனைதான். கடலைக் காணோம். அந்தப் பசங்கள் விட்ட கதையை இவர் முப்பது வருஷமாக நம்பியிருக்கிறார்.

“கடல் இல்லையேப்பா” என்றான் ரூபன்.

“ஆமாய்யா” என்றார். நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரிக்கிற சாக்கில் நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

ஷர்மினி பாறை ஓரத்துக்குப் போனாள்.

“நீங்க எங்க நிப்பீங்க?” என்று திரும்பாமலே கேட்டாள்.

இவர் எழுந்து போய், கீழே ரப்பர் மரங்கள் அடர்ந்திருந்த சரிவைக் காட்டினார். “அதோ, அந்த ரெண்டாவது நிரையில.”

அவள் கொஞ்ச நேரம் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையை உயர்த்தி ஆட்டினாள்.

“யாருக்குடி கையக் காட்டுற?” என்றேன்.

“சுகுவுக்கு” என்றாள். வாயில் இரண்டு கையையும் குவித்துக்கொண்டு, மலை அதிரக் கூப்பிட்டாள். “டேய் சுகு, வாடா! அம்மாவையும் கூட்டிட்டு வா!”