வெறும் தண்ணீரில் வந்த வெள்ளை

போன வாரம் தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் விற்க, டை கட்டிய ஒருவர் வீட்டுக்கு வந்தார். கண்ணாடி டம்ளரில் எங்கள் குழாய்த் தண்ணீரைப் பிடித்தார். பையிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்து இரண்டு சொட்டு விட்டார். தண்ணீர் மோர் போல வெளுத்தது.

"பாத்தீங்களாக்கா? இதைத்தான் தெனமும் குடிக்கீங்க!"

நான் சிரித்துவிட்டேன். பாவம்... அந்த வெள்ளையோடு எனக்குள்ள பழக்கம் அவருக்கு எப்படித் தெரியும்?

"அது உப்பு தம்பி. நம்ம ஊருத் தண்ணி உப்புன்னு சொல்ல மருந்து எதுக்கு? ஒரு மடக்கு குடிச்சாப் போதாதா?"

தொண்ணூறுகளின் கடைசியில் கோவில்பட்டியில் பி.எஸ்ஸி. வேதியியல் படித்தேன். அம்மா தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான் — அந்தக் கர்வம் அப்போதும் உண்டு, இப்போதும் உண்டு.

கரிம வேதியியல் பலருக்குக் கசக்கும். எனக்கு இனித்தது. கார்பனுக்கு நான்கு கைகள். அந்தக் கைகளால் யார் யாரையோ பிடித்துக்கொண்டு சர்க்கரையாகிறது, நல்லெண்ணெயாகிறது, பருத்தியாகிறது! குடித்த கம்பங்கூழ் உடம்புக்குள் குளுக்கோஸாகி, கடைசியில் மூச்சாக வெளியே போகிறது என்று உயிர்வேதியியல் வகுப்பில் சொன்ன அன்று, மத்தியானம் தூக்குவாளியைத் திறந்து கூழையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

என்னைவிடப் பித்து முத்துமாரிக்கு. என் பக்கத்து இடம். பசுவந்தனைப் பக்கம் ஆடு மேய்க்கிற குடும்பம். அவள் வீட்டிலும் அவள்தான் முதல் பட்டதாரி ஆக வேண்டியவள். ஆனால் ஒரு நிபந்தனை. ஒரு பாடத்தில் பெயிலானாலும் படிப்பு முடிந்தது. மாமன் மகனோடு கல்யாணம். அவள் அப்பா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

செய்முறைப் பரீட்சை வந்தது. ஆளுக்கொரு பொடி. அதில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். சோடியத்தோடு சேர்த்து உருக்கி, வாலை வடிநீரில் — அதாவது உப்பு துளியும் இல்லாத டிஸ்டில்ட் வாட்டரில் — போட்டு, வடிகட்டி, ஆசிட் விட்டு, சில்வர் நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். வெள்ளையாகத் திரிந்தால் பொடியில் குளோரின் உண்டு.

எனக்குத் திரிந்தது. முத்துமாரிக்கும் திரிந்தது. "குளோரின் உண்டு" என்று சந்தோஷமாக எழுதினேன்.

"ஏட்டி, செம்புக் கம்பியில தொட்டுத் தீயில காட்டுனியா? பச்சை வந்துச்சா?" என்று கிசுகிசுத்தாள் அவள்.

"வரல."

"எனக்கும் வரலட்டி. குளோரின் இருந்தா பச்சை வரணும்லா? வரிசையைப் பாரு, அம்புட்டுப் பேருக்கும் வெள்ளை. ஆளுக்கொரு பொடி, அதெப்பிடி எல்லாத்துலயும் குளோரின்?"

"ஏட்டி, வந்ததை எழுதிட்டுப் போ. ஒனக்கு மாமன் மகனைக் கட்டிக்க அம்புட்டு ஆசையா?"

அவள் கேட்கவில்லை. பொடியே போடாமல், டிஸ்டில்ட் வாட்டர் பாட்டிலில் இருந்த வெறும் தண்ணீரைச் சோதனைக் குழாயில் ஊற்றி ஆசிட் விட்டாள். இரண்டு சொட்டு சில்வர் நைட்ரேட் விட்டாள்.

வெள்ளை!

சோதனைக் குழாயைத் தூக்கிக்கொண்டு நேராக, பரீட்சை நடத்த வெளியூரிலிருந்து வந்திருந்த எக்ஸ்டர்னல் சாரிடம் போனாள்.

"சார், வெறுந் தண்ணியிலயே வருது."

"பரீட்சையில தண்ணியைச் சோதிக்கச் சொன்னது யாரும்மா?"

"யாரும் சொல்லல சார். ஆனா, பொடி மேல வீணாப் பழியைப் போட்டு எப்பிடி சார் எழுத?"

முடிந்தது கதை என்று நினைத்தேன். என் கண்ணுக்கு அந்த மாமன் மகன் மாலையோடு தெரிந்தார்.

சார் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். லேப் அக்காவைக் கூப்பிட்டார்.

"இது டிஸ்டில்ட் வாட்டர்தானே?"

"ரெண்டு நாளாக் கரண்டு சரியா வரல சார், தண்ணி வடிக்க முடியல. இருந்தது தீந்துபோச்சு. போர் தண்ணியைத்தான் ஊத்துனேன்... ஆனா நல்லாக் கொதிக்க வச்சுத்தான் சார் ஊத்துனேன்!"

கொதித்தால் உப்பு போய்விடுமா? சார் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"இப்ப நல்ல தண்ணிக்கு எங்க போக?"

"எதுத்தாப்புல மெக்கானிக் கடை இருக்கு சார். பேட்டரிக்கு ஊத்துத தண்ணி வச்சிருப்பாவ. அதுவும் டிஸ்டில்ட் வாட்டர்தான்" என்றாள் முத்துமாரி.

அக்கா ஓடிப்போய் வாங்கிவந்தார். சார் தானே அதில் சொட்டுவிட்டுப் பார்த்தார். பளிங்கு மாதிரி நின்றது. எல்லோருக்கும் கூடுதல் நேரம் கொடுத்தார். திரும்பச் செய்தபோது என் பொடியில் குளோரினைக் காணவில்லை. அவள் பொடியிலும்தான்.

எனக்கு அவள்மீது பொறாமை வரவில்லை, மலைப்புத்தான் வந்தது. கைக்கு வந்த விடையை, அதுவும் ஊரே ஒத்துக்கொண்ட விடையை, யாராவது சந்தேகப்படுவார்களா? தன் கல்யாணமே அதில் தொங்கிக்கொண்டிருக்கும்போது?

வெளியே வந்தோம். கேட் பக்கத்தில் அவள் அப்பா நின்றிருந்தார். தோளில் துண்டு, முகத்தில் கவலை.

"என்னத்தா, பாஸா பெயிலா?"

"மார்க்கு பெறவுதான்ப்பா வரும். இன்னைக்குப் பெயிலானது நம்ம ஊருத் தண்ணி மட்டுந்தான்."

ரிசல்ட் வந்தது. மாமன் மகனுக்கு ஓட்டப்பிடாரத்தில் பெண் பார்த்தார்கள்.