தண்ணீருக்குள் ஐந்தாவது மாடி

லிஃப்ட்காரரைப் பற்றிப் பேச்செடுத்தால் அந்த வீட்டில் யாருக்கும் முதலில் அழுகை வராது. சிரிப்புதான் வரும். அவர் போய் இவ்வளவு நாள் ஆன பிறகும் அப்படித்தான். கண் கலங்குவதெல்லாம் சிரித்து ஓய்ந்து, ஆளுக்கொரு பக்கம் பார்க்கும்போது.

பழுதான லிஃப்டுகளைச் சரிசெய்வது அவர் தொழில். சட்டைப் பையில் டெஸ்டர், எத்தனை சோப்புப் போட்டாலும் நகக்கண்ணை விட்டுப் போகாத கிரீஸ். யாராவது உள்ளே மாட்டிக்கொண்டால் அவருக்குத்தான் போன் வரும். சாப்பாட்டில் உட்கார்ந்திருந்தாலும் எச்சில் கையைத் தூக்கிப் பிடித்தபடி, இடது கையில் போனை வைத்துக்கொண்டு அதே பல்லவியைப் பாடுவார்: "பதறாதீங்க. நல்லா மூச்சு விடுங்க. காத்து தாராளமா வரும். கதவை நீங்களா நெம்பாதீங்க. ஆள் வந்துகிட்டே இருக்கு."

போய்த் திரும்பியதும் கதை தொடங்கிவிடும். மாட்டிக்கொண்ட வக்கீல் கதவோடு வாதாடியது, பிறந்தநாளுக்கு வாங்கிப் போன கேக்கை ஒரு பெண்மணி பயத்தில் தனியாகவே தின்று தீர்த்தது. நடித்தே காட்டுவார். வீடு குலுங்கும். குலுங்காமல் உட்கார்ந்திருப்பவர் அவர் மனைவி ஒருவர்தான். ஒவ்வொரு கதையும் அந்த அம்மாளின் பயத்தை வளர்த்துக்கொண்டிருந்தது கணவருக்குத் தெரியாமலே போயிற்று. விளைவு, ஊரையே லிஃப்டில் ஏற்றி இறக்கியவரின் மனைவி ஒருநாள்கூட லிஃப்டில் கால் வைத்ததில்லை.

மகள் பதினோராவது மாடியில் வீடு வாங்கும்வரை இது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. அம்மாளின் முழங்கால் மூன்றாவது மாடியோடு கைவிரித்துவிடும். ஆகவே மகள் வீட்டுக்குப் போவது என்றால் கீழே வாட்ச்மேனின் நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டு உட்காருவது. மகள் லிஃப்டில் காபி கொண்டுவருவாள். ஆறிப்போயிருக்கும்.

"என் பொண்ணு வீட்டு ஜன்னல் திரை என்ன நிறம்னு போன்ல பாத்துத் தெரிஞ்சுக்க வேண்டியிருக்கு" என்று அந்த அம்மாள் அலுத்துக்கொள்வார். லிஃப்டில் ஏறச் சொல்லி லிஃப்ட்காரர் கெஞ்சிப் பார்த்தார், கோபித்துப் பார்த்தார். நடக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் கயாக் வந்து சேர்ந்தது. காலை நீட்டி ஒருவர் மட்டும் உட்கார்ந்து, இருமுனைத் துடுப்பால் தள்ளிக்கொண்டு போகிற ஒடுக்கமான படகு. லிஃப்ட்காரரின் நண்பரான பெயிண்ட் கடைக்காரர் புதிது வாங்கியதும் பழையதை இவர் தலையில் கட்டிவிட்டார். இருவரும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்கு வெளியே இருந்த ஏரிக்குப் போனார்கள். கடைக்காரர் மீனோடு வருவார். இவர் வெயிலில் கறுத்து வருவார்.

"அண்ணே, வெயில் காலத்துல பெரிய மீனெல்லாம் அடியில குளிர்ச்சிக்குப் போயிடும். உங்க தூண்டில் மேலயே மிதந்துகிட்டு வருது. டவுன்ரிகர் வேணும்" என்றார் கடைக்காரர்.

விஷயம் இதுதான். படகின் ஓரத்தில் ஒரு கம்பிச் சுருள். கம்பி முனையில் கனமான இரும்புக் குண்டு. குண்டுக்குச் சற்று மேலே ஒரு கிளிப். தூண்டில் நூலை அந்தக் கிளிப்பில் கவ்வவிட்டுக் குண்டை இறக்கினால், வேண்டிய ஆழத்துக்கு இரையும் போய் நிற்கும். மெதுவாகத் துடுப்புப் போட்டால் இரை அந்த ஆழத்திலேயே கூட வரும். மீன் கடித்து இழுத்ததும் கிளிப் நூலை விட்டுவிடும். குண்டு ஒரு பக்கம், மீன் ஒரு பக்கம்.

கேட்டுக்கொண்டிருந்த லிஃப்ட்காரரின் முகம் மலர்ந்துவிட்டது. "அட, கம்பி, கனம், இத்தனாவது மாடியில நிறுத்தணும்... இது லிஃப்ட்டுய்யா!"

கடையில் வாங்குவாரா அவர்? கழற்றிப் போட்ட லிஃப்டின் கப்பியில் சுருள் செய்தார். எதிர் எடையிலிருந்து அறுத்த இரும்பைக் குண்டாக்கினார். மனைவியின் நகப்பூச்சை எடுத்துக் கம்பியில் ஒரு மாடி உயரத்துக்கு ஒரு சிவப்புக் கோடு இழுத்தார். கடைசியாக, பழக்க தோஷத்தில், பிரேக் ஒன்றும் வைத்தார். கம்பி வெடுக்கென்று ஓடினால் பல்லால் கவ்விப் பிடித்துக்கொள்ளும்.

கடைக்காரர் அதைத் தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "அண்ணே, அடியில எங்கயாவது மாட்டுச்சுன்னா கம்பி விட்டுக்கொடுக்கணும். இது உடும்பு மாதிரி பிடிக்குதே?"

"விட்டுக்கொடுக்கிற பிரேக்கை நான் செஞ்சதே இல்ல. அப்படிச் செஞ்சிருந்தா பாதி ஊர் இப்ப உயிரோட இருக்காது."

அப்போது மாடியிலிருந்து ஈரத்துணியோடு மனைவி இறங்கி வந்தார். "ஏங்க, கொடியில ஒரு கிளிப்பைக் காணோம்." இரும்புக் குண்டின் மேல் அது ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. அம்மாள் அதைப் பார்த்தார், குண்டைப் பார்த்தார், நகப்பூச்சையும் பார்த்தார். "இந்தத் துணி கிளிப்புல ஒரு மீன் வரட்டும். நான் உங்க லிஃப்டுல ஏறிக் காட்டறேன்."

"அண்ணி, நான் சாட்சி!" என்று கடைக்காரர் துள்ளி எழுந்தார். சொன்ன சொல்லை அம்மாளால் திரும்ப வாங்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. அம்மாள் கரையில் குடையும் மடக்கு நாற்காலியுமாக, நீதிபதி மாதிரி உட்கார்ந்தார். லிஃப்ட்காரர் லைஃப் ஜாக்கெட்டை இறுக்கிக்கொண்டு ஏரிக்குள் போனார். கரைக்குக் கேட்கட்டும் என்று சத்தமாக அறிவித்தபடியே குண்டை இறக்கினார்.

"முதல் மாடி! ரெண்டாவது மாடி! யாராவது இறங்கறீங்களா?"

"மீனுக்குக் காது வலிக்கப் போவுது" என்றார் மனைவி.

ஐந்தாவது கோட்டில் நிறுத்தித் துடுப்புப் போட்டார். கொஞ்ச தூரம் கயாக் வெண்ணெயில் கத்தி போலப் போயிற்று. பிறகு ஏரிக்கு அடியில் என்றோ மூழ்கிப்போன மரம் ஒன்று குண்டைப் பிடித்துக்கொண்டது. கம்பி வெடுக்கென்றது. பிரேக் கவ்வியது. கயாக் இடப்பக்கம் சாய்ந்து, தண்ணீர் விளிம்பை நக்கியது.

லிஃப்ட்காரர் வலப்பக்கம் சரிந்து உட்கார்ந்தார். கம்பி தளர்ந்தால்தான் அவர் செய்த பிரேக் விடும். கம்பியோ வீணைத் தந்தி மாதிரி விறைத்து நின்றது. கையை நீட்டினால் கவிழும். கட்டிங் பிளேயர் முதுகுக்குப் பின்னால் இருந்த பையில். காற்று வேறு வீசத் தொடங்க, கயாக் கம்பியைச் சுற்றி ராட்டினம் போலச் சுழல ஆரம்பித்தது. கரை வந்தது, போனது. குடை வந்தது, போனது. அவர் துடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, பெட்டிக்கு உள்ளே இருப்பவர் அவர்.

"அண்ணே, அசையாதீங்க, வந்துட்டேன்!" என்று தூரத்தில் கடைக்காரர் துடுப்பைப் போட்டுத் தண்ணீரை அடித்தார்.

குடை சுற்றி வந்தபோது அதன் கீழே நாற்காலி காலியாக இருந்தது. அம்மாள் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார், கையை வாய்க்குக் குவித்து.

"பதறாதீங்க! நல்லா மூச்சு விடுங்க!"

லிஃப்ட்காரர் திகைத்தார்.

"காத்து தாராளமா வரும்! கதவை நீங்களா நெம்பாதீங்க! ஆள் வந்துகிட்டே இருக்கு! உள்ள எத்தனை பேர்?"

"ஒருத்தன்தாம்மா!"

"எந்த மாடியில மாட்டியிருக்கீங்க?"

"அஞ்சு!"

"கேக் இருக்கா?"

அவருக்குச் சிரிப்பு பீறிட்டது. வயிறு குலுங்க, கயாக் குலுங்க, கம்பி குலுங்க, ஐந்தாவது மாடியில் இரையும் குலுங்கியிருக்க வேண்டும். அந்த மரத்தடியில் குடியிருந்த ஏதோ ஒன்றுக்கு அது பிடித்துப்போயிற்று. கிளிப் விட்டது. தூண்டில் கோல் வில்லாக வளைந்தது.

மீன் என்றால் சும்மா மீன் இல்லை. கயாக்கின் மூக்கைத் திருப்பி, மரத்துக்கு அந்தப்பக்கமாக அவரை இழுத்துக்கொண்டு போனது. எதிர்த்திசையில் இழுபட்ட குண்டு கிளையிலிருந்து நழுவியது. கம்பி தொய்ந்தது. பிரேக் தானாக வாயைத் திறந்தது. கடைக்காரர் வலையோடு வந்து சேர்ந்தபோது லிஃப்ட்காரர் அழுதுகொண்டிருந்தாரா சிரித்துக்கொண்டிருந்தாரா என்று அவராலேயே சொல்ல முடியவில்லை.

கரையில் மீன் துள்ளியது. முழங்கை முதல் விரல் நுனிவரை நீளம்.

"அண்ணி, சாட்சி வந்தாச்சு" என்றார் கடைக்காரர்.

"மெஷின் மீனைப் பிடிக்கல. மீன்தான் மெஷினைக் காப்பாத்துச்சு" என்று அம்மாள் வக்கீலானார்.

"கிளிப்புல வந்துச்சா இல்லையா?"

"போதும்யா" என்றார் லிஃப்ட்காரர். மண்ணில் உட்கார்ந்து ஈரச்சட்டையைப் பிழிந்துகொண்டிருந்தார். "ஏறவேணாம்மா. இவ்வளவு நாளா போன்ல பதறாதீங்கன்னு ஈஸியா சொல்லிட்டேன். இன்னிக்குத்தான் உள்ள உக்காந்து பாத்தேன். கால் ரெண்டும் தந்தியடிச்சுது. நாம கீழயே நாற்காலி போட்டு உக்காந்துக்கலாம். நானும் கூட உக்காரறேன்."

அம்மாள் சேலை நுனியைப் பிழிந்துவிட்டு நிமிர்ந்தார்.

"நான் கத்தினப்ப பயம் போச்சா, இல்லையா?"

"போச்சு."

"நெஜமா?"

"கேக் இருக்கான்னு கேட்டியே, அப்பவே போச்சு."

"அப்ப நீங்க பக்கத்துல நின்னு சொன்னா எனக்கும் போவும். மீனை எடுங்க. இப்பவே போவோம், இல்லன்னா மனசு மாறிடும்."

அந்தக் கட்டடத்து வாட்ச்மேன் வழக்கம்போல இரண்டாவது நாற்காலியை இழுத்துப் போட்டார். அம்மாள் அதைத் தாண்டிப் போனார். ஒரு கையில் மீன் சொட்டும் பை, இன்னொரு கையில் கணவரின் சட்டை. கண்களை இறுக்க மூடிக்கொண்டு உள்ளே கால் வைத்தார். கதவு சாத்திக்கொண்டது.

"பதறாத. மூச்சு விடு. முதல் மாடி... ரெண்டாவது மாடி..."

ஐந்தாவது மாடியில் அம்மாள் ஒரு கண்ணைத் திறந்தார். ஏழில் இரண்டையும். எட்டில் வயிற்றுக்குள் ஏதோ குறுகுறுவென்று மேலே மிதந்தது. அந்த அம்மாள் சின்னப் பெண் மாதிரிக் களுக்கென்று சிரித்தார். பதினொன்றில் கதவு திறந்தது.

மகள் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். துடைப்பம் கையிலேயே நின்றுவிட்டது. "அம்மா?"

"திரை பச்சைதானே?" என்று அம்மாள் தலையை மட்டும் நீட்டித் திறந்திருந்த வீட்டுக் கதவு வழியாக எட்டிப் பார்த்தார். "நல்லாருக்கு. காபி போடு, சூடா இருக்கணும். இந்தா, மீனைப் பிடி."

"வெளிய வாம்மா!"

"இருடி, வரேன். ஏங்க, கீழ போய்ட்டு இன்னொரு தடவை வரலாமா?"

லிஃப்ட்காரர் மகளைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டுப் பொத்தானை அழுத்தினார். கதவு சாத்திக்கொண்டது. பையிலிருந்து தண்ணீர் காலில் சொட்ட மகள் அப்படியே நின்றாள். கதவுக்கு அந்தப் பக்கம் இரண்டு குரல்களும் சேர்ந்து கீழே இறங்கிக்கொண்டிருந்தன: "பத்து! ஒன்பது! எட்டு! யாராவது இறங்கறீங்களா?"