மூன்று தலையணை

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். இது என் கண்ணெதிரே நடந்தது. பேய் இருட்டில்தான் வரும் என்று உங்களுக்குச் சொன்னவர் யாரோ, அவர் இரவு டியூட்டி பார்த்தவராக இருக்க மாட்டார். எனக்கு அது வந்தது காலை ஒன்பதே முக்காலுக்கு. வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. கீழ்வீட்டு ரேடியோவில் யாரோ காதல் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

அப்போது நான் மணிலாவுக்கு வடக்கே லாவாக் நகரத்தில் நர்சிங் கடைசி வருடம். நானும் மரிவிக்கும் ஒரே அறை. இரண்டு கட்டில், ஒரு மேசை, பாதி நேரம் சுற்றாத ஒரு மின்விசிறி. மரிவிக் மரக்கட்டை மாதிரி மல்லாந்து படுத்துத் தூங்குவாள். தலையணையே வைக்க மாட்டாள். "கழுத்து வலிக்குதுடி, நீயே வச்சுக்கோ" என்று தன்னுடையதையும் என் கட்டிலில் எறிந்துவிட்டாள். எனக்கு ஏற்கெனவே இரண்டு இருந்தன. ஆக அந்த அறையிலிருந்த மூன்று தலையணையும் என் கட்டிலில்தான் கிடக்கும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று பகல் ஒரு மணிக்கு எனக்குத் தேர்வு. நமக்குக் கொடுத்த நோயாளிக்கு நோய் எங்கே தொடங்கியது, உடம்புக்குள் ஒன்றிலிருந்து ஒன்றாக எப்படிப் போனது, கடைசியில் எங்கே கொண்டுபோய் விடும்... இதையெல்லாம் பெரிய தாளில் பெட்டி பெட்டியாக எழுதி, அம்பு போட்டு, ஆசிரியர்கள் முன்னால் நின்று விளக்க வேண்டும். நான் ஏற்கெனவே ஒருமுறை தோற்றிருந்தேன்.

"அர்லின், அம்பெல்லாம் அழகாத்தான் போடுற" என்றார் எங்கள் ஆசிரியை அக்பயானி மேடம். "இந்தப் பெட்டியிலேர்ந்து அந்தப் பெட்டிக்கு ஏன் போகுதுன்னு கேட்டா மட்டும் முழிக்கிற. இன்னொரு தடவை முழிச்சேன்னா, கடைசி வருஷத்த முதல்லேர்ந்து படிக்க வேண்டியதுதான்."

என் நோயாளி மனோங் செவேரோ. மனோங் என்றால் எங்களுக்கு அண்ணன். வயதில் மூத்த ஆணை அப்படித்தான் கூப்பிடுவோம். முப்பது வருடம் ட்ரைசைக்கிள், அதாவது பைக்கோடு பக்க இருக்கை பூட்டிய வாடகை வண்டி, ஓட்டியவர். ரத்த அழுத்தத்துக்கு மருந்தே சாப்பிடாமல் இருந்து, இதயம் தளர்ந்துபோய் வந்து சேர்ந்தார். எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு கட்டிலுக்கும் கீழே பாய் விரித்துச் சொந்தக்காரர் ஒருவராவது கிடப்பார். அவர் கட்டிலுக்குக் கீழே செருப்பு மட்டும்தான் கிடந்தது.

அவரால் படுக்க முடியாது. படுத்தால் மூச்சு முட்டும். முதுகுக்கு மூன்று தலையணை கொடுத்து உட்கார்ந்தபடியேதான் கண்ணை மூடுவார். கால் இரண்டும் வீங்கியிருந்தன. கட்டைவிரலால் அழுத்தினால் பிசைந்த மாவில் அழுத்தியது போலக் குழி விழும். அது நிரம்ப வெகுநேரம் ஆகும்.

"அடிங்" என்பார். தங்கச்சி என்று அர்த்தம். "படுத்தா ஏன் எனக்கு மூச்சு முட்டுது?"

"டாக்டர் வருவாரு மனோங். அவர்கிட்ட கேளுங்க."

டாக்டர் வந்து ஆங்கிலத்தில் ஏதோ பேசிவிட்டுப் போவார். மனோங் மறுபடியும் என்னைப் பார்ப்பார்.

தேர்வு நாளன்று விடிகாலையில் அவர் போய்விட்டார். நானும் மரிவிக்கும்தான் உடம்பைத் துடைத்து, துணி சுற்றினோம். முகம் கறுத்துவிடக் கூடாது என்று இறந்தவர் தலையைக் கொஞ்சம் உயர்த்தித்தான் வைப்போம். அவருக்கும் தலையணை வைத்தோம். பாவம், செத்த பிறகும் அவரை மட்டமாகப் படுக்க விடவில்லை.

டியூட்டி முடிந்ததும் எல்லோரும் கஞ்சிக்கடைக்குக் கிளம்பினார்கள். பசிக்காக இல்லை. பிணத்தைத் தொட்டுவிட்டு நேராக வீட்டுக்குப் போகக் கூடாது. வழியில் எங்காவது உட்கார்ந்து, கூடவே வரும் இறந்தவரை அங்கேயே உதறிவிட்டுத்தான் போக வேண்டும். படித்தவர், படிக்காதவர் எல்லோரும் இதைச் செய்வோம். அக்பயானி மேடம் கூடச் செய்வார்.

எனக்கோ கண் சொருகியது. இரண்டு நாளாகத் தூக்கமில்லை.

"ரெண்டு வாய் குடிச்சிட்டுப் போடி" என்றாள் மரிவிக். "நேரா போகாத."

"போடி. மனோங் வந்தா வரட்டும். அந்தத் தாளுக்கு நாலு அம்பாவது போட்டுக் குடுப்பாரு."

அவள் சிரிக்கவில்லை. "வாயக் கழுவு" என்றாள்.

நான் நேராக அறைக்குப் போனேன். மேசையில் தாளை விரித்து உட்கார்ந்ததுதான் தெரியும். அதன்மேலேயே கவிழ்ந்து தூங்கிவிட்டேன்.

விழித்தபோது கடிகாரத்தில் ஒன்பதே முக்கால். எதிர்க் கட்டிலில் மரிவிக் தலைவரை போர்த்திக்கொண்டிருந்தாள். வந்தது கூடத் தெரியாமல் தூங்கியிருக்கிறேன் என்று என்னையே திட்டிக்கொண்டு, தாளைப் பார்த்துச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தேன்.

"உயர் ரத்த அழுத்தம்... இடது கீழறைச் சுவர் தடித்தல்..."

"ஏன்?"

போர்வைக்குள்ளிருந்து வந்தது. குரல் கரகரவென்று இருந்தது.

"தொண்டை கட்டிடுச்சா உனக்கு?" என்றேன். சரி, கேள்வி கேட்டு எனக்குப் பயிற்சி கொடுக்கிறாள் என்று நினைத்தேன். "அழுத்தம் கூடினா சுவர் தடிக்கும்."

"புரியல."

"நுரையீரல் ரத்தத் தேக்கம்..."

"புரியல."

எரிச்சல் வந்தது. திரும்பிப் பார்த்தேன். அப்போதுதான் கவனித்தேன். அவள் படுத்திருக்கவில்லை. போர்வைக்குள் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முதுகுக்குத் தலையணை.

என் கட்டிலைப் பார்த்தேன். அதில் ஒரு தலையணை கூட இல்லை.

மூச்சுச் சத்தம் கேட்டது. சின்னச் சின்ன மூச்சு. ஒவ்வொன்றின் கடைசியிலும் ஈரமாக ஒரு கறகறப்பு... கறக்... கறக்...

"ஏய், விளையாடாத" என்று போர்வைக்கு வெளியே தெரிந்த அவள் காலைப் பிடித்து உலுக்கினேன்.

சில்லென்று இருந்தது.

கையை எடுத்தேன். கணுக்காலில் என் கட்டைவிரல் பதிந்த இடத்தில் குழி. ஆழமான குழி.

அது நிரம்பவில்லை.

பார்த்துக்கொண்டே நின்றேன்.

நிரம்பவே இல்லை...

"அடிங்" என்றது போர்வை. "ஏன்?"

ஓடத்தான் நினைத்தேன். கதவு அந்தக் கட்டிலைத் தாண்டி இருந்தது. எனக்கு அழுகை வந்தது. ஆனால் ஒன்று சொல்கிறேன், பயத்தைவிட அசதிதான் பெரிதாக இருந்தது. அந்தக் குரலிலும் அதே அசதி. எனக்கு இரண்டு நாள், அவருக்கு எத்தனை மாதமோ.

புத்தகத்து வார்த்தை எதுவும் நினைவுக்கு வரவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"மனோங்... மூணு பேர் ஏறுற வண்டியில தினமும் எட்டு பேர ஏத்தினா என்ன ஆகும்?"

மூச்சு மட்டும் கேட்டது.

"வண்டி இழுக்கும். முக்கி முக்கி இழுக்கும். உங்க இதயமும் அப்படித்தான் இழுத்துச்சு. இழுத்து இழுத்து மொதல்ல தடிச்சுப்போச்சு. அப்புறம் தொய்ஞ்சுபோச்சு. வர்ற ரத்தத்த முழுசா வெளிய தள்ள முடியல. தள்ளாத ரத்தம் பின்னாடி நுரையீரல்ல தேங்குது. காலுக்குப் போன தண்ணி, நீங்க படுத்தா மேல வந்து அங்கயே சேருது. அதான் முட்டுது."

கறக்... கறக்...

"கால்?"

"கிட்னிக்கு விஷயம் தெரியாது மனோங். ரத்தம் குறைவா வருது, உடம்புல தண்ணி பத்தலன்னு நெனச்சுக்கிச்சு. உப்பையும் தண்ணியையும் வெளிய விடாம பிடிச்சு வச்சுச்சு. உதவி பண்றேன்னு வண்டியில இன்னும் ஆள ஏத்துச்சு. அதான் கால்ல இறங்கிடுச்சு. எல்லாமே உங்களக் காப்பாத்தணும்னுதான் செஞ்சுச்சு. அதுலயே வண்டி நின்னுபோச்சு."

கீழே ரேடியோவில் பாட்டு மாறியது.

"இப்ப படுத்துக்கலாமா?"

"படுத்துக்குங்க மனோங்."

பொத்.

ஒரு தலையணை தரையில் விழுந்தது.

பொத்.

பொத்.

போர்வை மெல்லச் சாய்ந்து... மட்டமானது. நீளமாக ஒரே ஒரு மூச்சு. அப்புறம் இல்லை.

நான் சுவரோடு ஒட்டிக்கொண்டு கதவுக்குப் போனேன். தாளை எப்படி எடுத்தேன் என்று இன்றுவரை தெரியாது.

ஒரு மணிக்கு ஆசிரியர்கள் முன்னால் நின்று வண்டிக் கதையை அப்படியே சொன்னேன். தாளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அக்பயானி மேடம் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "பாஸ். இத யாரு உனக்குச் சொல்லிக்குடுத்தா?" என்றார். நான் தாளைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

மரிவிக் வெளியே நின்றிருந்தாள். என்னைக் கட்டிக்கொண்டாள்.

"காலையில ரூமுக்கு வந்தியா?" என்று கேட்டேன்.

"எங்கடி வந்தேன்? கஞ்சி குடிச்சிட்டு லைப்ரரி பெஞ்சுலயே படுத்துட்டேன். ஏன்?"

"ஒண்ணுமில்ல."

அறைக்குத் திரும்பினால் கட்டிலில் யாரும் இல்லை. அவள் கட்டில் விரிப்பை மாற்றிப் போட்டேன். கால்மாட்டில் மெத்தை ஈரமாக இருந்தது. வெயிலில் காயவைத்தேன். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் பயப்படுவாள் என்று நினைத்தேன். எல்லாம் முடிந்துவிட்டது, அவர் படுத்துவிட்டார் என்று நம்பினேன்.

மழைக்காலம் தொடங்கியது. ஒருநாள் மரிவிக் கேட்டாள்.

"உன் தலகாணி ஒண்ணு குடேன்."

"கழுத்து வலிக்கும்னு சொல்லுவியே?"

"தெரியலடி. மட்டமா படுத்தா ஒரு மாதிரி இருக்கு."

கொடுத்தேன். அடுத்த வாரம் இரண்டாவதை அவளே எடுத்துக்கொண்டாள். ஒரு காலையில் நான் விழித்தபோது என் தலைக்குக் கீழே ஒன்றும் இல்லை. அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. முதுகுக்கு மூன்று.

"கால நீட்டு" என்றேன்.

"எதுக்குடி?"

"நீட்டு."

கணுக்காலில் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். எடுத்தேன். இருவரும் அந்தக் குழியையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவளும் நர்சிங் படிக்கிறவள்தானே.

"அர்லின்" என்றாள். குரல் கரகரவென்று இருந்தது. "ஏன்டி?"

அவளை மணிலா வரை கொண்டுபோனார்கள். இதயம் தளர்ந்துவிட்டது என்றார்கள். இருபத்தொரு வயது. ரத்த அழுத்தம் இல்லை, சர்க்கரை இல்லை, குடும்பத்தில் யாருக்கும் இதய நோய் இல்லை. எதிலிருந்து தொடங்கியது என்று எல்லாச் சோதனையும் செய்து பார்த்தார்கள்.

அவளுக்கு நடந்ததில் ஒவ்வொரு அம்பையும் என்னால் விளக்க முடியும். ஒவ்வொன்றும் ஏன் என்று எனக்குத் தெரியும். முதல் பெட்டியில் மட்டும் இன்றுவரை யாராலும் ஒன்றும் எழுத முடியவில்லை.