அப்பா பேரில் வந்த கடைசிக் கரண்ட் ரசீது

அப்பா இறந்த பதினேழாம் நாள் காலையில் தங்கையிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கரண்ட் ஆபீசுக்குக் கிளம்பினேன். நல்ல எண்ணத்தோடு போகவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் இரண்டே பெண்கள். அண்ணன் தம்பி கிடையாது. அப்பாவுக்குச் சங்கரன்கோவிலில் பருத்தித் தரகு. என்னை மேலநீலிதநல்லூரில் கட்டிக்கொடுத்தார். மானாவாரிக் காடு, நாலு ஆடு, அரிக்கேன் விளக்கு. சின்னவளுக்கு மட்டும் வீட்டோடு மாப்பிள்ளை பார்த்தார். கேட்டதற்கு, அவள் சூதுவாது தெரியாதவள், கண் முன்னாலேயே இருக்கட்டும் என்றார். அப்படியென்றால் சூதுவாது தெரிந்தவள் காட்டில் கிடந்து காயட்டும் என்றுதானே அர்த்தம்? நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

எங்கள் தெருவுக்குக் கரண்ட் வந்தபோது முதலில் இழுத்த நாலைந்து வீடுகளில் அப்பா வீடும் ஒன்று. அந்த வருஷம் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வந்திருந்தேன். தங்கை சுவிச்சைப் போட்டுக் காட்டினாள். அணைத்தாள், மறுபடி போட்டாள். என்னையும் போட்டுப் பார்க்கச் சொன்னாள். எனக்கு ஆசைதான். ஆனால் வயிறு எரிந்தது. இந்த வெளிச்சம் கண்ணுக்குச் சூடு என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். ஊருக்குத் திரும்பியபின், சாம்பல் தொட்டுச் சிம்னி துடைக்கிற போதெல்லாம் அவள் முகம்தான் ஞாபகத்துக்கு வரும். அந்த ஒரு வருஷத்தில் மூன்று சிம்னி உடைந்தது.

அப்பா படுக்கையில் விழுந்த பிறகு மாதம் ஒரு தடவை பார்க்க வருவேன். கஞ்சிக் கிண்ணத்தை நான் எடுத்தால், உங்க தங்கச்சிக்குத்தான் பக்குவம் தெரியும் மதினி என்று அவள் வீட்டுக்காரர் வாங்கி அவளிடம் கொடுத்துவிடுவார். பெற்ற அப்பாவைப் பார்க்க விருந்தாளி மாதிரி பையோடு வந்து பையோடு போவேன். கடைசியில் அதுவும் குறைந்து போயிற்று.

ஒருநாள் விடியற்காலையில் சைக்கிளில் ஆள் வந்து, அப்பா போய்விட்டார் என்றான். நான் பஸ் பிடித்து வந்து சேர்ந்தபோது, ஊர் கூடியிருந்தது. வாசலில் கொட்டு அடித்துக்கொண்டிருந்தார்கள். கொள்ளி வைத்தது வீட்டோடு இருந்த மருமகன். பெரியவளுக்கு என்று மிச்சம் இருந்தது ஒரே ஒரு காரியம். உயிர் பிரிந்த இடத்தில் பதினாறு நாளும் விளக்கு அணையாமல் எரிய வேண்டும். அதற்கு எண்ணெய் விடுவது எங்கள் வகையறாவில் மூத்த மகள் பொறுப்பு. அதையாவது விடுவேனா? என் வீட்டு நல்லெண்ணெயையே வரவழைத்து ஏற்றினேன்.

தங்கை அந்த இடத்துக்கு நேர் மேலே தொங்கிய பல்பைப் போட்டாள். அப்பாவுக்கு இந்த வெளிச்சம்தான் பிடிக்கும் என்றாள். அன்று போட்டதைப் பகலில்கூட அணைக்கவில்லை. கீழே என் விளக்கு, மேலே அவள் பல்பு. என் விளக்கு எரிகிறதா இல்லையா என்று பார்க்க நானே குனிய வேண்டியிருந்தது. துட்டி கேட்க வந்தவர்கள் எல்லாரும் அண்ணாந்து பார்த்துவிட்டு, சின்னவள் அப்பாவை எப்படிக் கவனித்தாள் தெரியுமா என்று பேசிக்கொண்டார்கள். என் எண்ணெயைப் பற்றி ஒருவர் வாய் திறக்க வேண்டுமே. ஒரு நாள் எல்லாரும் குளிக்கப் போயிருந்தபோது பல்பை அணைத்துப் பார்த்தேன். என் விளக்கு அழகாகத்தான் எரிந்தது. காலடிச் சத்தம் கேட்டதும் மறுபடி போட்டுவிட்டேன்.

பதினாறு முடிந்ததும் தங்கை வீட்டுக்காரர் பேச்சோடு பேச்சாக, கரண்ட் பில் பாக்கி இருக்கிறது, ஒரு நாள் போய்க் கட்டிவிட்டுப் பேரை மாற்ற வேண்டும் என்றார். எனக்குச் சுருக்கென்றது. கொள்ளி அவர் வைத்தாயிற்று. அப்பாவுடைய கடைசிப் பாக்கியையும் அவர்களேதான் தீர்க்க வேண்டுமா? மறுநாள் அப்பாவின் டிரங்குப் பெட்டியிலிருந்து கரண்ட் அட்டையை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். முடிச்சில் பருத்தி விற்று நான் சேர்த்த பணம் இருந்தது.

ஆபீசில் இருந்த குமாஸ்தாவுக்கு அப்பாவைத் தெரியும். தரகர் மகளா என்று ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார். அட்டையைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் பொறுமையாக விளக்கினார். பேரை மாற்றுவதென்றால் இரண்டு மகள்களும் சேர்ந்து வந்து கையெழுத்துப் போட வேண்டும். கணக்கை முடித்துவிடுவதென்றால் மூத்தவள் எழுதிக்கொடுத்தால் போதும். ஆனால் ஃபியூஸைப் பிடுங்கிவிடுவார்கள், திரும்ப வேண்டுமானால் புதிதாக எழுதிப்போட்டுக் காத்திருக்க வேண்டும்.

எனக்கு நன்றாகவே புரிந்தது. புரியாமல் செய்தேன் என்று சொல்ல வழியில்லை. முடித்துவிடுங்கள் என்றேன். ஐந்தாம் வகுப்புப் படிப்பு அன்றைக்குத்தான் உதவியது.

லயன்மேனை என்னோடேயே அனுப்பினார்கள். அவர் மீட்டரைப் பார்த்து எண்ணைக் குறித்துக்கொண்டு, பதினாறு நாள் எரிந்தது நன்றாகத் தெரிகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, ஃபியூஸைப் பிடுங்கினார். தங்கை தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சண்டைக்கு வருவாள் என்று நாலு பதில் தயாராக வைத்திருந்தேன். அவள் கேட்கவே இல்லை.

மத்தியானம் திரும்பவும் போய், முன்கட்டிய டெபாசிட் போக மீதியைக் கட்டினேன். ரசீதில் அப்பா பேர் இருந்தது. கட்டினது நான், என் பேரைப் போடுங்கள் என்றேன். யார் கட்டினாலும் அட்டை யார் பேரில் இருக்கிறதோ அவர் பேரில்தான் ரசீது வருமாம். செத்த மனுஷர் தானே நடந்து வந்து தன் பாக்கியைக் கட்டிவிட்டுப் போனதாக எழுதியிருந்தது. என் பணம், என் நடை, என் கையெழுத்து எதற்கும் அதில் இடமில்லை. வழி நெடுக எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

வீட்டுக்கு வரும்போது பொழுது சாய்ந்திருந்தது. பட்டாசல் கூடத்தில் தங்கை தனியாக உட்கார்ந்திருந்தாள். மண்ணெண்ணெய் விளக்கைக்கூட ஏற்றவில்லை. அப்பாவின் கடைசிக் கடனை நான் தீர்த்துவிட்டேன் என்று ரசீதை அவள் மடியில் போட்டேன். அவள் அதைத் தொடவில்லை.

"உன்மேல எனக்குக் கோவம் இல்லக்கா. நான் செஞ்சதுக்கு இது காணாது" என்றாள்.

என்ன செய்தாய் என்று கேட்டேன்.

"அப்பா கடைசி ரெண்டு நாளும் உன்னத்தான் தேடுனாவ. பெரியவ எங்கன, பெரியவ எங்கனன்னு கேட்டுக்கிட்டே கெடந்தாவ. ஒரு ஆளு விட்டுருந்தா நீ வந்துருப்ப. நாந்தான் விடல. எங்க வீட்டுக்காரவுகளும் ஆளனுப்பவான்னு கேட்டாவ, வேண்டாம்னுட்டேன். உன்னப் பாத்துட்டா அப்பாவுக்கு நான் ஒண்ணுமில்லாமப் போயிருவனோன்னு இருந்துச்சு."

அவளை அறைந்திருக்க வேண்டும். இல்லை, அழுதிருக்க வேண்டும். எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். என்னைத் தேடியிருக்கிறார், அவளை இல்லை. முகம் பார்க்காமல் போனாரே என்ற துக்கம் அதற்குப் பிறகுதான் வந்தது. இத்தனை வயதான பிறகும் அந்த வரிசையை என்னால் மாற்றிச் சொல்ல முடியவில்லை.

அதோடும் விட்டேனா? கேட்டேன்.

"உன்ன ஒரு தரமாவது தேடுனாவளாட்டி?"

தங்கை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"பக்கத்துலயே இருக்கவள எதுக்குக்கா தேடணும்?"