ரேகா தண்ணியை அணைத்த கதை

என் தங்கச்சி ரேகாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நான் நிறுத்தமாட்டேன் என்று எங்கள் மீனவக் குப்பமான தேவனாம்பட்டினத்தில் எனக்கு ஒரு பேர் உண்டு. இருக்கட்டும். தங்கச்சி பெருமையை அண்ணன் பேசாமல் வேறு யார் பேசுவது?

அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே பேச்சு திக்கும். ஒரு வார்த்தையில் மாட்டிக்கொண்டால் எதிரில் இருப்பவர்கள் பொறுக்கமாட்டார்கள். மிச்சத்தை அவர்களே சொல்லி முடித்துவிடுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவளோ வாயையே திறக்காமல் இருக்கப் பழகிவிட்டாள். 2008இல் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஆரோக்கியராஜ் அண்ணனின் பிரவுசிங் சென்டரில் வேலைக்குச் சேர்ந்ததே, அங்கே அதிகம் பேச வேண்டியதில்லை என்பதால்தான்.

பையன்கள் அங்கே துப்பாக்கி கேம் ஆட வருவார்கள். மெஷின்கள் எல்லாம் பழசு. ஆனால் வருகிறவன் ஒவ்வொருவனும் கேம் செட்டிங்ஸில் போய் படத்தில் வரும் நிழல், தண்ணீர் என்று எல்லாவற்றையும் 'ஹை'யில் வைப்பான். எங்கள் ஊரில் எதுவும் ஜாஸ்தியாக இருந்தால்தான் நல்லது. ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்க. குண்டு வெடித்துப் புகை கிளம்பினால் போதும், படம் நின்று நின்று நகரும். "படம் திக்குது" என்று கத்திவிட்டு ரேகாவைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

கூட்டம் குறைந்தது. கேமை எடுத்துவிட்டு ஜெராக்ஸ் மெஷின் போடப்போவதாக ஆரோக்கியராஜ் அண்ணன் சொன்னார். ஜெராக்ஸ் என்றால் நாளெல்லாம் ஆட்களோடு பேச வேண்டும், அதற்கு வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்றும் சொன்னார். சிதம்பரத்திலிருந்து காலேஜ் பையன்கள் எங்கள் பையன்களோடு மேட்ச் ஆட வருவதாக முன்பே பேசியிருந்தது. அதிலும் படம் திக்கினால் ரேகாவின் வேலை அன்றோடு சரி.

அவள் ஒரு மெஷினில் உட்கார்ந்தாள். நிழலை அணைத்தாள், ஆடிப் பார்த்தாள். படத்தின் அளவை ஒரு படி குறைத்தாள், ஆடிப் பார்த்தாள். பின்னால் ஓடிக்கொண்டிருந்த வேண்டாத புரோகிராம்களை மூடினாள். தண்ணீரில் வானம் மினுங்குவதையும் அணைத்தாள். அவளைக் கூட்டிப்போக வந்திருந்த நான், கடல்காரன் மகள் தண்ணியையே அணைச்சிட்டாளே என்று கேலி செய்தேன்.

"எல்லாத்தையும் ஒரே நேரத்துல கேட்டா அ... அதுக்கும் திக்கும்ண்ணா" என்றாள். "எனக்கும் அப்படித்தான்."

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருடம் கூடவே இருந்தும் எனக்கு இது தெரியவில்லை.

மற்ற மெஷின்களையும் அவள் அப்படியே மாற்றி வைத்தாள். மேட்ச் அன்று முதலில் முணுமுணுப்புதான். படம் மொழுக்கட்டையாக இருக்கிறது, நிழலே காணோம் என்று எங்கள் பையன்களே குறை சொன்னார்கள். பிறகு ஒருவன் குண்டை வீசினான். திரை முழுக்கப் புகை. நான் ஆரோக்கியராஜ் அண்ணன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். படம் எங்கேயும் நிற்கவில்லை, வழுக்கிக்கொண்டு ஓடியது. அதற்குப்பின் யாரும் நிழலைத் தேடவில்லை.

ஜெயித்தது சிதம்பரம்தான். அதைப் பற்றி யாருக்குக் கவலை?

அவர்களில் தமிழ்வேந்தன் என்ற பையன், இவ்வளவு பழைய மெஷினில் எப்படி இப்படி ஓடுகிறது என்று கேட்டான். ஆரோக்கியராஜ் அண்ணன் பதில் சொல்ல வாயெடுத்தவர், நிறுத்திக்கொண்டார்.

"ரேகாதான் செஞ்சது. அதுவே சொல்லும்" என்றார்.

ரேகா சொன்னாள். 'நிழல்' என்ற வார்த்தையிலேயே மாட்டிக்கொண்டாள். தமிழ்வேந்தன் காத்திருந்தான். மற்றவர்களும் காத்திருந்தார்கள். அவள் ஒவ்வொன்றாகச் சொல்லி முடிக்கும்வரை அந்த அறையில் ஒருத்தர்கூட நடுவில் பேசவில்லை.