மஞ்சள் விளக்கை அணைத்த காலை

காரின் கையேட்டில் வரிசை தெளிவாக இருக்கிறது: டயர் ஆறியிருக்க வேண்டும், கதவோரம் ஒட்டியுள்ள அளவுக்குக் காற்று நிரப்ப வேண்டும், அதன் பிறகே திரையில் ‘மீட்டமை’யை அழுத்த வேண்டும். பணியில் இருந்த காலமெல்லாம் இப்படிப்பட்ட வரிசைகளை எழுதியவன் நான். மீறியவர்களுக்கு மெமோவும் கொடுத்திருக்கிறேன்.

அன்று ராயபுரத்தில் மனைவிக்கு டயாலிசிஸ். ஒரு முறை தவறினாலும் நீர் கோர்த்து மூச்சு முட்டும். மின்சாரக் காரில் டயர் காற்று குறைவு என்று எச்சரிக்கும் விளக்கு மஞ்சளாக எரிந்தது. அவள் ஏற மறுத்தாள்.

“அங்க மெஷின்ல மஞ்ச விளக்கு எரிஞ்சா நர்ஸ் ஓடி வர்றா. இங்க யாரு வருவா, நீங்களா? அணைச்சுட்டுக் கூப்பிடுங்க.”

பஞ்சர் கடை திறக்கவில்லை. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் நின்ற வரிசையைப் பார்த்து ஆட்டோவும் வர மறுத்தது. காற்று நிரப்பாமலே மீட்டமையை அழுத்தினேன். விளக்கு அணைந்தது.

“சரி பண்ணிட்டீங்களா?”

“ம்.”

ஏறிக்கொண்டாள்.

அவளை மருத்துவமனையில் விட்டுவிட்டுத் திருவொற்றியூர் பஞ்சர் கடைக்குப் போனேன். டிரெய்லர் டயர்களைத் தட்டிப் பார்க்கும் கம்பியால் கடைக்காரர் என் டயரையும் தட்டினார்.

“இன்னா சார், காத்தே இல்ல. விளக்கு எரியல?”

“அணைச்சிட்டேன்.”

“சரியாப் போச்சு. இந்த வண்டில சென்சாரு காத்த அளக்காது, சக்கரம் சுத்துறத வெச்சுதான் சொல்லும். இதான் ஃபுல்லுனு நீ சொல்லிக்கீற, அதுவும் நம்பிகினு ஓடிகீது. அம்மா வேற உள்ள இருந்தாங்களா? பேஜாரு நைனா நீ.”

டயர் ஆறிய பிறகு காற்று நிரப்பி, முறைப்படி மீட்டமைத்தேன். அவளிடம் மட்டும் சொல்லவில்லை. குறைந்த காற்றில் மீட்டமைக்க வண்டி எப்படி அனுமதிக்கலாம் என்று கார் கம்பெனிக்கு எழுதினேன். தவறு அவர்களுடையது என்று எழுத்தில் வரட்டும், அதைக் காட்டிச் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். நினைவூட்டல் இரண்டு அனுப்பினேன்.

பதில் வருவதற்குள் ஒரு நாள் அவள் டயாலிசிஸ் நாற்காலியிலேயே இறந்தாள். இதயம். மெஷினில் எல்லா விளக்குகளும் பச்சையாக இருந்தன என்று நர்ஸ் சொன்னாள். காருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கம்பெனியின் பதிலில் ஒரே வாக்கியம்: ‘ஓட்டுநர் சரி என்று உறுதி செய்வதையே வாகனம் சரி என்று எடுத்துக்கொள்ளும்.’

வந்து சேர்ந்தது அவளுடைய பதினாறாம் நாளன்று.