பின்னாலிருந்து தள்ளும் ரயில்

என் அம்மாவின் தம்பி பொய் சொல்வதில் பேர் போனவர். வேலந்தாவளம் பக்கத்தில் எங்கள் ஊர். அங்கே யாராவது நம்ப முடியாத சங்கதி ஒன்றைச் சொன்னால், "நீயும் அவனாட்டம் ஆரம்பிச்சுட்டயா?" என்று என் மாமாவைச் சுட்டித்தான் கேட்பார்கள். அவர் பொய்களால் யாருக்கும் பெரிய நஷ்டம் வந்ததில்லை. ஆனால் சர்க்கரை ஆலையிலிருந்து கரும்பு பார்க்க ஓர் அதிகாரி வருகிறார் என்று ஒருமுறை சொல்லி, என் அப்பாவைச் சலவைச் சட்டையோடு காலையிலிருந்து மதியம் வரை பஸ் நிற்கும் இடத்தில் நிற்க வைத்துவிட்டார். அன்றிலிருந்து மச்சினன் வாயிலிருந்து வரும் எதையும் நம்புவதில்லை என்று அப்பா முடிவு செய்துகொண்டார்.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. மாமா சொன்னவற்றில் சில நிஜமாகவும் இருந்தன. இளவட்டமாக இருந்தபோது கொஞ்ச நாள் மூணாறு எஸ்டேட்டுக்கு ஓடிப்போய்த் திரும்பியவர், "அங்க ஒரு காலத்துல ரயில் ஓடுச்சாம், வெள்ளம் வந்து அடிச்சுட்டுப் போயிருச்சாம்" என்றார். "ஆறு ரயிலத் தின்னுபோட்டுதாக்கும்" என்று அப்பா எழுந்து போய்விட்டார். அது உண்மை என்று நான் தெரிந்துகொள்ள இன்னும் பல வருஷம் ஆக வேண்டியிருந்தது.

பிறகு மாமாவுக்கு மேட்டுப்பாளையத்தில் மலை ரயிலில் வேலை கிடைத்தது. வேலையில் சேர்ந்து முதல் தீபாவளிக்கு வந்தபோது, அவர் சொன்ன கதைக்கு ஊரே கூடிச் சிரித்தது. மலையேறும் அந்த ரயிலுக்கு எஞ்சின் முன்னால் இல்லையாம், பின்னால்தானாம். தண்டவாளம் இரண்டுக்கும் நடுவே பல் வைத்த இன்னொரு கம்பி உண்டாம். எஞ்சினுக்கு அடியில் ஒரு பல்சக்கரம் இருக்கிறதாம், அது அந்தப் பல்லைக் கடித்துக் கடித்து ஏறுமாம். ரயிலின் முன்கோடியில் எஞ்சினும் இல்லாமல் டிரைவரும் இல்லாமல், பச்சைக்கொடியும் சிவப்புக்கொடியும் வைத்துக்கொண்டு மாமா ஒற்றை ஆளாக நிற்பாராம்.

"வண்டிக்குப் பொறத்தால எருதைப் பூட்டுவாங்களா எங்காச்சும்?" என்று அப்பா கேட்டார்.

"ஏத்தத்துல பாரவண்டி ஏறுறப்ப பொறத்தால நாலு ஆளு தள்ளறதில்லீங்களா? அந்த மாதிரித்தானுங்க மாமா. பின்னால எஞ்சின் இருந்தா, பெட்டி கழண்டாலும் கீழ ஓடாதுங்க" என்றார் மாமா.

இன்றைக்கு யோசித்தால் இவ்வளவு தெளிவான விளக்கத்தை எந்தப் பள்ளிக்கூடத்திலும் நான் கேட்டதில்லை. அன்றைக்கு எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன். எனக்கு அப்போது ஒன்பது வயது.

வினை அந்த ஐப்பசி கடைசியில் வந்தது. மாமாவுக்குக் கொழிஞ்சாம்பாறையில் ஒரு பெண் அமைந்தது. கடலை விவசாயம் செய்யும் குடும்பம், கௌரவமானவர்கள். பெண்ணின் அப்பா அதிகம் பேசாதவர். ஒரு காளை வாங்க மூன்று சந்தை பார்ப்பவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். எங்கள் வீட்டுக்கு வந்து அவர் மாமாவிடம் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

"மாப்பளைக்கு என்ன ஜோலிங்க?"

மாமா சொன்னார். பல், பல்சக்கரம், பின்னால் எஞ்சின், முன்னால் தான். ஒன்றையும் விடவில்லை. பெண்ணின் அப்பா மோரைக் குடித்து முடித்துவிட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்தார். பிறகு தரகரிடம், "ஜோலியப் பத்திக் கேட்டா அதுலயே கதை உடறவன், நாளைக்கு என்ற மவகிட்ட எதுலதான் நெசம் பேசுவான்?" என்று சொல்லி அனுப்பினாராம்.

அம்மா இரண்டு நாள் அடுப்படியில் அழுதாள். இருபத்தெட்டு வயதாகும் தம்பிக்கு வந்த நாலாவது இடம் அது. மூன்றாம் நாள் அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு கொழிஞ்சாம்பாறைக்குப் போனார். மச்சினனை நம்பியதால் அல்ல, அழுகையைத் தாங்க முடியாமல்தான் போனார். போய், "நம்ம ரெண்டு பேரும் ஒருக்காப் போயிப் பாத்துப் போடலாங்க. பொய்யின்னா அத்தோட உட்டுருவமுங்க" என்றாராம். பெண்ணின் அப்பா ஒப்புக்கொண்டார். மாமாவுக்கு முன்கூட்டிச் சொல்லக் கூடாது என்பது மட்டும் அவருடைய நிபந்தனை.

நானும் அழுது அடம்பிடித்து அப்பாவோடு கிளம்பினேன். கோயமுத்தூர் பஸ் ஸ்டாண்டில் பெண்ணின் அப்பா காத்திருந்தார். பக்கத்தில், வலது கன்னம் எலுமிச்சம்பழம் போல வீங்கி, வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு அந்தப் பெண்ணே நின்றிருந்தார். நான் அவரை அக்கா என்று கூப்பிட்டேன்.

"ரெண்டு நாளா பல்லுவலின்னு துடிக்கறா. இங்க பல் டாக்டர்கிட்டக் காட்டுனேன். வாயவே தொறக்கமாட்டேன்னுட்டா, என்னமோ மருந்து குடுத்தனுப்புனான். தனியா எங்கீங்க உட்டுட்டு வாரது?" என்று பெண்ணின் அப்பா வருத்தமாகச் சொன்னார். அக்கா தலையைக் குனிந்துகொண்டார். வாயைத் திறக்காமல் முனகினார். எனக்குப் பாவமாக இருந்தது.

அன்று மேட்டுப்பாளையத்தில் தெரிந்தவர்கள் வீட்டில் தங்கினோம். மறுநாள் காலை ஸ்டேஷனுக்குப் போனபோது, அந்தச் சின்ன ரயில் புகை விட்டுக்கொண்டு நின்றிருந்தது. எஞ்சின் எந்தக் கோடியில் இருக்கிறது என்று இரண்டு அப்பாக்களும் பிளாட்பாரத்தின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்து பார்த்தார்கள். மலை கிழக்கா மேற்கா, ரயில் எந்தப் பக்கம் போகும் என்று போர்ட்டரிடம் கேட்டார்கள். எஞ்சின் பின்னால்தான் இருந்தது. பெண்ணின் அப்பா, "கடைசி நேரத்துல மாத்திப் பூட்டுனாலும் பூட்டுவாங்க" என்றார்.

முன்பெட்டியில் நான்கு இடம் வாங்கினோம். அப்போது காக்கிச் சட்டையும் கக்கத்தில் இரண்டு சுருட்டிய கொடிகளுமாக மாமா வந்தார். நான் "மாமா" என்று கத்தினேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். பின்னால் என் அப்பாவைப் பார்த்தார், சிரிப்பு பாதியானது. பெண்ணின் அப்பாவைப் பார்த்தார், முழுதாக நின்றுபோனது. அவருக்குப் பின்னால் கைக்குட்டையும் கன்னமுமாக நின்றவரைப் பார்த்ததும், கொடிகளில் ஒன்று கீழே விழுந்தது. அதைப் பொறுக்கிக்கொண்டு பெட்டியின் முன்புறம் நீட்டிக்கொண்டிருந்த சிறு மேடைக்கு ஏறிவிட்டார். அங்கே ஒரு கம்பித் தடுப்பும், கையால் சுற்றும் பிரேக்கும் இருந்தன. எங்களுக்கும் அவருக்கும் நடுவே ஒரு கண்ணாடி ஜன்னல் மட்டும்தான்.

கல்லாறு வரை சாதாரண ரயில் போலத்தான் போனது, பாக்குத் தோப்புகளுக்கு நடுவே. கல்லாறு ஸ்டேஷனில் நின்றதும் பெண்ணின் அப்பா இறங்கிப் போனார். ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். வேட்டியை மடித்துக் கட்டிக் குனிந்து, தண்டவாளத்தின் நடுவே இருந்த பல்கம்பியைப் பார்த்தார். சந்தையில் காளையின் வாயைப் பிளந்து வயது பார்ப்பதுபோல ஒவ்வொரு பல்லாக விரலால் தடவினார். ஒரு ரயில்வே ஆள் வந்து விரட்டிய பிறகுதான் ஏறினார்.

"நெசந்தானுங்க" என்று என் அப்பாவிடம் மெதுவாகச் சொன்னார். அப்பா தன் வீட்டுச் சொத்து போல அந்த மலையைப் பெருமையாகப் பார்த்தார்.

அதன்பிறகு ரயில் ஏறத் தொடங்கியது. அடியில் கடகடவென்று பற்கள் கடிபடும் சத்தம் என் இருக்கை வழியே முதுகெலும்புக்கு வந்தது. நடந்து போகிற ஒருவர் எங்களை முந்திவிடலாம் போன்ற வேகம். ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் எட்டிப் பார்த்தால் அடி தெரியாத பள்ளம். எஞ்சின் எங்கோ பின்னால் மூச்சிரைத்துத் தள்ளிக்கொண்டிருந்தது. எங்களுக்கு முன்னால் மாமாவின் முதுகும் வெறும் தண்டவாளமும் மட்டுமே.

ஒரு குகைக்குள் நுழைந்தோம். கும்மிருட்டு. எல்லாப் பெட்டிகளிலும் ஆட்கள் ஓவென்று கூவினார்கள். வெளிச்சம் வருகிற நேரத்தில், பக்கத்தில் இருந்த அக்கா வாயிலிருந்து எதையோ எடுத்து ஜன்னலுக்கு வெளியே எறிவதைப் பார்த்தேன். உருண்டையாக, ஒரு முழுக் கொட்டைப்பாக்கு. வெளியே வந்ததும் அவர் கன்னம் வீக்கமே இல்லாமல் அழகாக இருந்தது.

"வத்திருச்சா சாமி?" என்று அவர் அப்பா ஆச்சரியப்பட்டார்.

"குளுருக்கு வத்திருச்சுங்கப்பா" என்றார் அக்கா. அவர் குரலை அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டேன். பிறகு எங்கள் பையிலிருந்து ஒரு முறுக்கை எடுத்துக் கடகடவென்று கடித்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த காக்கி முதுகை விட்டு அவர் கண் அகலவே இல்லை. கோயமுத்தூர் பல் டாக்டர்கள் மருந்தைக் கொட்டைப்பாக்கு வடிவத்தில் செய்கிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

இந்த அதிசயத்தை மாமாவிடம் சொல்லியாக வேண்டும். எழுந்து போய்க் கண்ணாடியைத் தட்டினேன். அவர் திரும்பவில்லை. "மாமா, மாமா, அக்காளுக்குப் பல்லு நல்லாயிருச்சு" என்று கத்தினேன். சத்தத்தில் கேட்கவில்லை என்று இரண்டு கையாலும் தட்டினேன். கண்ணாடி அதிர்வது அவருக்குத் தெரியாமல் இருக்க முடியாது. கழுத்துகூட அசையவில்லை. எதிரே வளைவு. ஈரப்பாறைகளுக்கு நடுவே தண்டவாளம் திரும்பி மறைந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. விடுமுறைக்கு வந்தால் என்னைத் தோளிலிருந்து இறக்காத மனிதர். ஒரு கொடியும் காக்கிச் சட்டையும் கிடைத்ததும் நான் யாரோ ஆகிவிட்டேன். நான் அழுதுகொண்டே தட்டினேன். அப்பா அதட்டினார். பெண்ணின் அப்பா மட்டும், "உடுங்க, தட்டட்டும்" என்றார்.

வளைவு திரும்பும்போது மாமாவின் கை சட்டென்று வெளியே நீண்டது. சிவப்புக்கொடி. பின்னாலிருந்து எஞ்சின் வீலென்று கூவியது. மாமா ஒரு கையில் கொடியைப் பிடித்தபடி மறுகையால் பிரேக்கைச் சுற்றினார். ஒவ்வொரு பெட்டியிலும் இருந்த பிரேக் ஆட்களும் சுற்றினார்கள் போலிருக்கிறது, அடியில் இரும்பு நறநறத்தது. நான் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டேன். ரயில் நின்றுவிட்டது.

முந்தின நாள் மழையில் சரிந்த ஒரு பாறை, உரல் அளவு இருக்கும், பல்கம்பியின் மேல் உட்கார்ந்திருந்தது. எங்களுக்கும் அதற்கும் நடுவே பத்து முழம் இருக்கலாம். இடது பக்கம் பள்ளம்.

மாமாவும் இன்னும் மூன்று பேரும் இறங்கிக் கடப்பாறை போட்டு அதை நெம்பினார்கள். அது உருண்டு போன சத்தம் வெகுநேரம் கீழிருந்து கேட்டது. மாமா பற்களின் நடுவே சிக்கியிருந்த சிறுகற்களைக் கையால் பொறுக்கிப் போட்டுவிட்டு, வேர்வையைத் துடைத்துக்கொண்டு ஏறி, பச்சைக்கொடியை நீட்டினார். அப்போதும் எங்கள் பக்கம் பார்க்கவில்லை. நான் போய் என் இடத்தில் உட்கார்ந்து, இனி இந்த மனிதரோடு பேசுவதில்லை என்று முடிவெடுத்தேன்.

குன்னூரில் ரயில் நின்ற பிறகுதான் மாமா மாமாவானார். ஓடிவந்து ஜன்னல் வழியாகவே என்னைத் தூக்கி இறக்கினார். ஒரு பொட்டலம் மொறுமொறு வர்க்கி ரொட்டி வாங்கி வந்தார். அந்தப் பாறையைத் தன் ஒற்றை விரலால் தள்ளியதாகச் சொல்லிப் பார்த்தார். நான் வர்க்கியைத் தொடவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டேன். என் பங்கை அக்கா தின்றார். பெண்ணின் அப்பா மாமாவிடம், "குளுருக்கு நல்ல கம்பளி போட்டுக்குங்க" என்றார். கல்யாணப் பேச்சை எடுக்கவே இல்லை. மாமாவின் முகம் தொங்கிப்போனது. அதைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் திருப்தியாகக்கூட இருந்தது.

பஸ்ஸில் மலையிறங்கினோம். கொண்டை ஊசி வளைவுகளில் தலைசுற்றி அப்பா மடியில் கண்ணை மூடிப் படுத்திருந்தேன். நான் தூங்கிவிட்டதாக நினைத்துக்கொண்டு அப்பா தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அப்பறம்... பல்லும் பாத்தாச்சு, எஞ்சினும் பாத்தாச்சு. உங்க மனசுல என்னன்னு தெரியலீங்களே."

பெண்ணின் அப்பா குளிருக்கு ஜன்னலை இறக்கும் சத்தம் கேட்டது.

"எஞ்சின் எங்கிருந்தா நமக்கென்னங்க" என்றார் பிறகு. "இந்தப் புள்ள அத்தன நேரம் அழுதுட்டுத் தட்டுச்சு. நானும் பாத்துட்டே இருந்தனுங்க. அவரு ஒருக்காக்கூடத் திரும்பலீங்க."

கண்ணை மூடியபடியே எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இவ்வளவு பெரிய உலகத்தில் என் வருத்தத்தைக் கவனித்த ஒரு பெரியவர் இருக்கிறார். மாமாவின் கல்நெஞ்சை அவரும் பார்த்துவிட்டார். இனி எப்படிப் பெண் கொடுப்பார்? மாமாவுக்கு இது வேண்டியதுதான் என்று தோன்றியது. கூடவே அவர் மேல் லேசாக இரக்கமும் வந்தது.

தை மாதம் மாமா கல்யாணத்துக்கு எங்கள் வாசலில் பந்தல்கால் நட்டபோது, அந்த நல்ல மனிதரை யாரோ ஏமாற்றிச் சம்மதிக்க வைத்துவிட்டார்கள் என்றுதான் நான் உறுதியாக நம்பினேன்.